கோமாரி பிடித்த போன்கள்

வேலணை
3.6.2024

தம்பி அரியநாயகம்,

நேற்றுக் காலை முதல் உனக்குப் போன் எடுத்து எடுத்துக் களைத்துப் போனேன். தொடர்புகொள்ள முடியாது என்று ஒரு பெண் மூன்று மொழியிலும் பொறுமையாகச் சொல்கிறாள். உன் மனைவி லட்சுமியின் போனிலும் அவள்தான். பக்கத்து வீட்டு நிலாந்தினியின் போனிலும் அவள்தான். நெடுந்தீவே கடலுக்குள் போய்விட்டதோ என்று பயந்து, இங்கிருந்து தினமும் படகேறி உங்கள் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்க வருகிற வசீகரன் மாஸ்டரைப் பிடித்துக் கேட்டேன். அந்த மனிசன் சிரிக்கிறதா அழுகிறதா என்று தெரியாமல் நின்று சொன்னார்: "அக்கா, அண்ணை அந்தப் பக்கத்துப் போன் எல்லாத்தையும் சாக்கில கட்டிக் கொண்டுபோய் மாட்டுச் சங்கக் கொட்டிலுக்க வச்சுப் பூட்டிட்டார். போனுக்குத் தொற்று வருத்தம் வந்திட்டுதாம்."

என்ன பிள்ளையடா நீ. அறுபது வயதாகிறது உனக்கு.

போன கிழமை நம் குடும்பக் குழுவில் நீ போட்ட எச்சரிக்கையை நானும் பார்த்தேன். 'முத்துவிளக்கு' என்று ஒரு வைரஸாம், திறந்தால் போன் வெடிக்குமாம். அதன் அடியில் "இது சுத்தப் பொய், தம்பி" என்று ஒரு வரி எழுதினேன். உடனே என்னைக் குழுவிலிருந்து தூக்கிவிட்டாய். உன் சொந்த அக்காவை, உன்னை இடுப்பில் வைத்து வளர்த்தவளை. அதை நான் பிறகு கேட்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். யாழ்ப்பாணம் கண் கிளினிக்கிலிருந்து நேர்ஸ் எனக்குப் போன் எடுத்தாள். லட்சுமியின் இடது கண்ணுக்கு 12ஆம் திகதி ஒப்பரேசன். முதல் நாளே வந்து வாட்டில் படுக்க வேண்டும். அந்தக் கண்ணில் அழுத்தம் கூடுகிறது, தள்ளிப்போட்டால் பார்வை போய்விடும் என்று டொக்டர் உனக்கு முன்னால்தான் சொன்னார். வலது கண்ணிலும் புரை படர்ந்துவிட்டது. இப்போதே அவள் அரிசியில் கல்லை விரலால் தடவித்தான் பொறுக்குகிறாள். இந்த ஒரு திகதிக்காக நான் எத்தனை தரம் பஸ் ஏறி இறங்கினேன் என்று உனக்குத் தெரியும்.

11ஆம் திகதி காலைப் படகில் அவளைக் குறிகாட்டுவானுக்குக் கூட்டி வா. நான் இறங்குதுறையில் ஓட்டோவோடு நிற்பேன். என் முழங்கால் படகில் ஏற விடாது. விட்டால் நானே வந்து அவளையும் ஏற்றி, உன் காதையும் திருகியிருப்பேன்.

மாஸ்டர் சொன்னால் நீ கேட்கவில்லையாம். அதனால்தான் கையால் எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

அக்கா மனோகரி


நெடுந்தீவு மேற்கு
5.6.2024

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

தங்கள் கடிதம் வசீகரன் மாஸ்டர் மூலம் கிடைக்கப்பெற்றது. அலுமாரியில் இருந்த பழைய கடிதமொன்றோடு கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தேன். தங்களுடையதுதான் என்று ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கையெழுத்து சரியாக இருப்பது வேறு, செய்தி சரியாக இருப்பது வேறு.

தாங்கள் எச்சரிக்கையை முழுமையாக வாசிக்கவில்லை என்று நினைக்கிறேன். முத்துவிளக்கு என்ற பெயரில் ஒரு படம் வரும். திறந்தால் போனில் உள்ள யாவும் அழியும், சூடேறி வெடிக்கும். அத்தோடு நிற்காது. ஒரே வீட்டு வளவில் உள்ள மற்றப் போனுக்கும் தொற்றும். பிறகு நம் பிள்ளைகளின் குரலில், உறவினரின் குரலில் பேசும். வங்கி என்றும் ஆஸ்பத்திரி என்றும் சொல்லி, ஒரு திகதியைக் குறித்து ஆட்களை வீட்டை விட்டு வெளியே எடுக்கும். திரும்பி வரும்போது வீட்டில் ஒன்றும் மிஞ்சாது.

இது லண்டனில் இருக்கும் நம் துஷ்யந்தனிடமிருந்து வந்தது. படித்த பிள்ளை. அப்படியிருந்தும் நான் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பவில்லை. மூன்று தரம் வாசித்தேன். பிழை ஒன்றும் காணாதபடியால், "நெடுந்தீவில் உறுதிப்படுத்தப்பட்டது, செயலாளர், கால்நடை வளர்ப்போர் சங்கம்" என்று அடியில் சேர்த்தேன். வெறும் செய்தியை யார் மதிப்பார்கள்? "இது பொய் என்று யாராவது சொன்னால் அவருடைய போனில் ஏற்கனவே தொற்றிவிட்டது என்று அறிக" என்ற வரியும் பாதுகாப்புக்காக நான் சேர்த்ததே. அதற்குப் பிறகு முதலாவதாக அப்படிச் சொன்னவர் தாங்கள். நான் என்ன செய்ய? செயலாளருக்கு அக்கா தங்கை பார்க்க ஏலாது.

போன்களைக் கட்டி வைத்ததைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கோமாரி வந்த வருசம், மாடுகளைக் கட்டி வையுங்கள், ஒரு பட்டி மாட்டை மறு பட்டிக்கு விடாதீர்கள் என்று வீடு வீடாகப் போய்த் தொண்டை வற்றக் கத்தினேன். "அரியத்துக்கு வேறை வேலை இல்லை" என்றார்கள். எத்தனை பசு வாயில் நுரை தள்ளி விழுந்தது என்று தங்களுக்குத் தெரியும். என் சிவப்பிக்கும் நான்தான் குழி வெட்டினேன். இந்த முறை நான் சொன்னவுடன் கேட்டார்கள். சாக்கை நீட்டியதும் கொண்டுவந்து போட்டார்கள். இளசுகள் சிலர் தரவில்லை, மற்றப்படி எல்லாரும் போட்டார்கள். அந்தச் சந்தோசத்தைத் தாங்கள் அறியமாட்டீர்கள், அக்கா.

கொட்டிலிலும் மாட்டுக்கு வைக்கிற முறைதான். தொற்றியவை ஒரு பக்கம், தொற்றாதவை ஒரு பக்கம், நடுவில் வேப்பிலை. எது தொற்றியது என்று கையில் எடுத்தால் சூட்டிலேயே தெரியும். கோமாரிக்கு வைக்கிற நாட்கணக்கு முடிந்ததும் திருப்பிக் கொடுப்பேன்.

நேற்று மாஸ்டரின் போனில் நம் பிரதாபனின் குரலில் ஒருவர் கனடாவிலிருந்து பேசினார். "அப்பா, அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றார். சிவப்பி மொத்தம் எத்தனை கன்று போட்டது என்று கேட்டேன். "என்ன கதைக்கிறியள் அப்பா" என்றார். பதில் தெரியவில்லை. வைத்துவிட்டேன்.

தங்களுக்கு வந்த அழைப்பும் இப்படிப்பட்டதே என்பது என் முடிவு. லட்சுமியிடம் விளக்கினேன். "நீங்கள் சொன்னால் சரிதானே" என்றாள். ஆகவே 11ஆம் திகதி வரமாட்டோம்.

இவ்வண்ணம்,
சி. அரியநாயகம்
செயலாளர்


வேலணை
6.6.2024

செயலாளர் ஐயாவுக்கு,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு, குசினிக்குள் போய் ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு, திரும்ப வந்து வாசித்தேன். முதல் தரம் வாசித்ததைவிட இன்னும் மோசமாக இருந்தது.

சிவப்பி எத்தனை கன்று போட்டது என்று எனக்கும்தான் தெரியாது. அப்போது நானும் வைரஸா? அந்தப் பிள்ளை கனடாவில் களஞ்சியத்தில் பெட்டி தூக்குகிற வேலைக்கு நடுவில் தாயின் கண்ணுக்காகப் போன் எடுத்திருக்கிறான். நீ அவனுக்கு மாட்டுச் சோதினை வைத்து, பெயில் விட்டு அனுப்பியிருக்கிறாய். உடனே எனக்கு எடுத்து, "மாமி, அப்பாவுக்கு என்ன நடந்தது" என்று அழுதான்.

மூன்று தரம் வாசித்தாயாம், பிழை காணவில்லையாம். சோதினைப் பேப்பர் திருத்தவா உன்னைக் கேட்டார்கள்? ஒரு பொய்யை மூன்று தரம் வாசித்தால் அது உண்மையாகிவிடுமா? போன் சூடாக இருந்தால் அது வெயிலில் கிடந்தது என்று அர்த்தம். இதற்கு வேப்பிலை வேறை.

இந்த முத்துவிளக்கை எனக்கு உனக்கு முந்தியே தெரியும். நான் கூட்டுறவுச் சங்கத்தில் கிளாக்காக இருந்த காலத்தில் இதே செய்தி கம்பியூட்டருக்கு வந்தது. அப்போது இதன் பெயர் பூச்செண்டு. திறந்தால் கம்பியூட்டர் எரியும் என்று சொல்லி, எங்கள் மனேச்சர் பெட்சீற்றால் மூடி, பியோனைக் காவலுக்கு இருத்தினார். ஒரு கிழமையாக ஒருவருக்கும் உரம் கொடுக்கவில்லை. பிறகு ஒன்றும் நடக்கவில்லை, பெட்சீற்றைத் தோய்த்துக் காயப்போட்டோம். இப்போது அதே கதை பெயரை மாற்றிக்கொண்டு போனில் ஏறி வருகிறது. அப்போதும் எங்கள் மனேச்சர் உன்னைப்போல் நல்ல மனிசன்தான். அதுதான் எனக்குக் கூடுதல் எரிச்சல். கெட்டவன் அனுப்பினால் ஒருவரும் நம்பமாட்டார்கள். ஊருக்கு நல்லது செய்கிறேன் என்று உன்னைப்போல் ஆட்கள் அனுப்புவதால்தான் இது ஊரூராகப் போகிறது.

தம்பி, கோபத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுச் சொல்கிறேன். கோமாரி வருசம் உன் சொல்லை ஒருவரும் கேட்கவில்லை, அது உன்னைச் சுட்டது. சிவப்பியைப் புதைத்த அன்று நீ சாப்பிடாமல் இருந்ததை நானும் பார்த்தேன். இப்போது ஊர் உன் சொல்லைக் கேட்கிறது. சரி, கேட்கட்டும். போன்களை வருசக்கணக்கில் பூட்டி வை, நான் வாய் திறக்கமாட்டேன். என்னைக் குழுவில் சேர்க்கவும் வேண்டாம். லட்சுமியின் கண்ணை மட்டும் இதற்குள் இழுக்காதே.

11ஆம் திகதி, காலைப் படகு. நான் நிற்பேன்.

அக்கா


நெடுந்தீவு மேற்கு
10.6.2024

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

தாங்கள் நம்பாததற்கு இப்போது ஆதாரம் கிடைத்திருக்கிறது. நேற்று இறங்குதுறைக்குப் போயிருந்தேன். குறிகாட்டுவானில் ஒரு கடையில் அச்சடித்து ஒட்டியிருந்த அறிவித்தலை ஒருவர் கழற்றிக் கொண்டுவந்திருந்தார். நானே என் கண்ணால் வாசித்தேன்.

முத்துவிளக்கைப் பற்றியதுதான். நான் எழுதிய அத்தனையும் அதில் உண்டு. அதற்கு மேலும் உண்டு. "தீவுப் பகுதியின் உயர் அதிகாரி ஒருவர் இதை உறுதிப்படுத்தியுள்ளார். அதிகாரிகளால் பெருந்தொகையான கைபேசிகள் கைப்பற்றப்பட்டுத் தனிமைப்படுத்தப்பட்டுள்ளன" என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. நயினாதீவிலும் இதே அறிவித்தல் ஒட்டியிருக்கிறதாம். நான் மட்டும் சொன்னேன் என்றால் அரியத்தின் விசர் என்று விடலாம். ஒரு உயர் அதிகாரியும் சேர்ந்து சொல்லும்போது என்ன செய்வீர்கள்? அவர் யாரென்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். தெரிந்தால் நேரில் போய்ச் சந்திக்க இருக்கிறேன்.

தங்களைச் சிறுமைப்படுத்த இதை எழுதவில்லை. உண்மை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைக் காட்டவே எழுதுகிறேன். கூட்டுறவுச் சங்கத்துப் பூச்செண்டு வேறு, இது வேறு.

லட்சுமிக்கு நேற்றிலிருந்து தலையிடி. இடது கண் பக்கமாக இடிக்கிறது என்கிறாள். இரண்டு தரம் சத்தியும் எடுத்தாள், குடித்த தண்ணீர்கூட வெளியே வந்துவிட்டது. பித்தம். கொத்தமல்லி அவித்துக் கொடுத்திருக்கிறேன். இந்தக் காற்றில், இந்த நிலையில், பொய்த் திகதிக்காக அவளைப் படகில் ஏற்ற நான் சம்மதியேன்.

நாளை குறிகாட்டுவானில் வீணாகக் காத்து நிற்க வேண்டாம்.

சி. அரியநாயகம்
செயலாளர்


வேலணை
13.6.2024

அரியம்,

இந்தக் கடிதத்தை வசீகரன் மாஸ்டர் உன்னிடம் தரமாட்டார். லட்சுமிக்கு முன்னால் நின்று சத்தமாக வாசிப்பார். அப்படித்தான் அவரிடம் சொல்லியிருக்கிறேன். நீயும் பக்கத்தில் நின்று கேள்.

உன் கடிதம் என் கைக்கு வந்தது செவ்வாய்க்கிழமை பின்னேரம். அதற்கு முன்பே நான் போய் நின்றுவிட்டேன். படகு வந்தது. சனம் இறங்கியது, மூட்டை இறங்கியது, ஒரு ஆடுகூட இறங்கியது. லட்சுமி இறங்கவில்லை. ஓட்டோக்காரப் பிள்ளை "அம்மா, இன்னும் ஆக்கள் வர இருக்கோ" என்று கேட்டான். கடைசி ஆள் இறங்கிப் போன பிறகும் நான் நின்றுகொண்டே இருந்தேன்.

12ஆம் திகதி நானே கிளினிக்குக்குப் போனேன். போய் என்ன செய்ய? என் கண்ணையா கொடுக்கிறது? "வராத ஆக்களின்ர இடத்தை வந்த ஆக்களுக்குக் குடுத்திட்டம் அம்மா" என்றாள் நேர்ஸ். அவளில் பிழை இல்லை. அப்போதும் நான் வாய் சும்மா இராமல், லட்சுமிக்குத் தலையிடியாம், சத்தியாம் என்று உன் கடிதத்தில் இருந்ததைச் சொன்னேன். அந்தப் பிள்ளையின் முகம் மாறிவிட்டது. உள்ளே ஓடிப்போய் டொக்டரிடம் சொல்லிவிட்டு வந்தாள்.

லட்சுமி, இது உனக்கு. அது பித்தம் இல்லை. கண்ணில் அழுத்தம் ஏறினால் தலை இடிக்குமாம், சத்தி வருமாம். ஒரு நாளும் வைத்திருக்கக் கூடாதாம். திகதி ஒன்றும் தேவையில்லை, எந்த நேரம் வந்தாலும் பார்ப்பதாக டொக்டர் சொல்லியிருக்கிறார். முதலில் அங்கே நெடுந்தீவு ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டு, பிறகு அடுத்த படகில் ஏறு. நான் பொய் சொல்லி உன்னை வீட்டை விட்டு வெளியே எடுக்கிறேன் என்று உன் புருசன் சொல்கிறார். உன் வீட்டில் எடுக்க என்ன இருக்கிறது என்று நீயே யோசித்துப் பார்.

அரியம், இனி உனக்கு. அந்த உயர் அதிகாரியைத் தேடி அலைய வேண்டாம். கைபேசிகளைக் கைப்பற்றித் தனிமைப்படுத்தியது யார்? தீவுப் பகுதியில் அப்படிச் செய்த ஒரே மனிசன் யார்? கண்ணாடிக்கு முன்னால் போய் நில், தெரியும். நீ எழுதினதை நாலு பேர் கூட்டிக் கூட்டி அனுப்பி, செயலாளரை உயர் அதிகாரியாக்கி, உன் சாக்கைப் பெருந்தொகையாக்கி, அச்சடித்து உன் கையிலேயே கொண்டுவந்து தந்திருக்கிறார்கள். நீ உன்னையே சாட்சிக்குக் கூப்பிட்டு, உன்னையே நம்பிக்கொண்டு இருக்கிறாய்.

மாஸ்டர், இதை வாசித்து முடித்ததும் அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டு வந்து சொல்லுங்கள்.

மனோகரி


நெடுந்தீவு மேற்கு
15.6.2024

அக்கா,

இந்தக் கடிதம் லட்சுமியின் கையிலேயே வருகிறது. நிலாந்தினி கூட வருகிறாள்.

நேற்றுப் பள்ளிக்கூடம் விட்டதும் மாஸ்டர் வந்து வாசித்தார். லட்சுமி பாயில் படுத்திருந்தாள். முழுவதையும் கேட்டாள். பிறகு, "மாஸ்டர், அந்தப் பெரிய அதிகாரி இவரோ?" என்று கேட்டாள். மாஸ்டர் நிலத்தைப் பார்த்தார். அவளுக்கு ஒரு சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம் சிரித்தாள். பிறகு எழும்பி இருந்து, என்னைப் பார்த்து இல்லை, சுவரைப் பார்த்து, "நான் போறன்" என்றாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இரவே ஆஸ்பத்திரியில் காட்டினோம். மாத்திரை தந்து, காலைப் படகில் அனுப்பச் சொன்னார்கள்.

நான் கூட வரவில்லை. போன்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், ஆட்கள் வாசலில் நிற்கிறார்கள். அதோடு தங்கள் முகத்தைப் பார்க்க இப்போது என்னால் ஏலாது. அவளுக்கு இடது கண்ணில் ஒன்றும் தெரியவில்லை என்கிறாள். படியில் கையைப் பிடித்து இறக்குங்கள். காற்று அதிகம், போர்வை வைத்திருக்கிறேன்.

அந்த அறிவித்தலை மீண்டும் எடுத்து வாசித்தேன். "பெருந்தொகையான" என்று நான் எழுதவில்லை.

அரியநாயகம்


வேலணை
20.6.2024

தம்பி,

சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். இடது கண் போய்விட்டது. சனிக்கிழமையே ஒப்பரேசன் செய்தார்கள். அழுத்தம் இறங்கிவிட்டது, வலி நின்றுவிட்டது. ஆனால் பார்வை நரம்பு அதற்கு முன்பே பழுதாகிவிட்டது. வெளிச்சம் எது, இருட்டு எது என்று மட்டும் தெரியும். அது இனித் திரும்பாது. சொன்ன திகதிக்கு வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டொக்டர் சொன்னார். இதை உனக்கு மறைத்து எழுத நான் விரும்பவில்லை.

"ஏன் அம்மா போன கிழமை வரேல்லை?" என்று டொக்டர் அவளிடம் கேட்டார். எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதற்குள் லட்சுமி முந்திக்கொண்டு, "கடுங்காத்து டொக்டர், படகு ஓடேல்லை" என்றாள். நான் படகு வந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றவள். வெளியே வந்ததும் பிடித்து ஏசினேன். "பிறத்தியாருக்கு முன்னால அவரை ஏன் மச்சாள்" என்கிறாள். உங்கள் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு நான் எங்கே போய் முட்டிக்கொள்ள.

வலது கண்ணின் புரையைத் தள்ளிப்போடாமல் எடுக்கப் போகிறார்கள். ஜூலை 4ஆம் திகதி. அதுவரை என்னோடு இருப்பாள். பிரதாபன் தினமும் எடுத்துக் கதைக்கிறான். இங்கே அவனிடம் ஒருவரும் மாட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

அக்கா


நெடுந்தீவு மேற்கு
28.6.2024

அக்கா,

கடிதம் கிடைத்தது. இரண்டு நாளாக ஒன்றும் செய்யத் தோன்றவில்லை. பிறகு எழும்பினேன்.

வாசலுக்கு வந்தவர்களுக்கு அன்றே கொடுத்தேன், மிச்சப் போன்களையும் வீடு வீடாகக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கொடுக்கும்போதே ஒவ்வொரு வீட்டிலும், முத்துவிளக்கு என்று ஒன்று இல்லை, நான் அனுப்பியது பொய்ச் செய்தி, எல்லாருக்கும் சொல்லுங்கள் என்று சொன்னேன். பொய் என்று தெரியாமல் அனுப்பினேன் என்றும் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை அக்கா. முதல் வீட்டில் கதவுக்குப் பின்னால் நின்று, "அண்ணை, உங்கட போனுக்கும் பிடிச்சிட்டுதோ?" என்று கேட்டார்கள். நான் நேரில் நிற்கிறேன், என் வாயால் சொல்கிறேன். போனுக்குப் பிடித்தால் ஆளுக்கும் பிடிக்குமா? பொய் என்று சொல்பவனை நம்பாதே என்று எழுதிவிட்டேன் அல்லவா, இப்போது பொய் என்று சொல்பவன் நான்.

குழுவிலும் விளக்கமாக எழுதினேன். அரை மணித்தியாலத்தில் என்னை நீக்கிவிட்டார்கள். நான் தொடங்கிய குழு. நீக்கியது துஷ்யந்தன். செய்தியை எனக்கு அனுப்பியவனே அவன்தான். நேற்று இறங்குதுறையில் புது அறிவித்தல் ஒட்டியிருக்கிறது: "உறுதிப்படுத்திய உயர் அதிகாரியும் பாதிக்கப்பட்டுள்ளார்." கிழித்தேன். கிழித்ததைப் பார்த்து இன்னும் பயந்துவிட்டார்கள்.

நிலாந்தினி மட்டும், "லட்சுமி அக்காவின்ர கண்ணுக்குப் பிறகும் நான் நம்புவனோ" என்றாள். அவளுக்கு விளங்கியது எப்படி என்று எனக்கு விளங்குகிறது. அந்த வழியால் மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் என்று நான் கேட்கமாட்டேன்.

4ஆம் திகதி முடிந்ததும் ஒரு வரி எழுதுங்கள். லட்சுமி என்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா?

அரியம்


வேலணை
8.7.2024

தம்பி,

வலது கண் நல்லபடி முடிந்தது. கட்டு அவிழ்த்ததும் முதலில் என் முகத்தைப் பார்த்து, "மச்சாள், நீங்கள் நல்லாக் கிழண்டிட்டியள்" என்றாள். கண்ணுக்காக அலைந்து திரிந்தவளுக்குக் கிடைத்த நன்றி அது. எழுத்து வாசிக்கிறாள். ஊசி கோர்க்கிறாள். ஒரு பக்கம் தெரியாதபடியால் இடப்பக்கத்தில் வருகிறதைக் காணாமல் மோதிக்கொள்கிறாள், படி இறங்கும்போது காலால் தடவுகிறாள். பழக நாளாகும்.

வீட்டுக்குப் போக வேண்டும் என்று நிற்கிறாள். வெள்ளிக்கிழமை பின்னேரப் படகில் மாஸ்டரின் மனைவியோடு அனுப்புகிறேன். இறங்குதுறைக்கு நேரத்துக்கே வந்து நில். துள்ளி மருந்தைக் கண்ணில் நாலு வேளை விட வேண்டும், மறக்காதே.

ஏதாவது சொன்னாளா என்று கேட்டாய். உன்னைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. ஏசினால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அக்கா


நெடுந்தீவு மேற்கு
29.7.2024

அக்கா,

உங்களிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும், வேறு யாரிடமும் சொல்ல ஏலாது.

லட்சுமி வந்த நாள் முதல் சண்டை ஒன்றும் இல்லை. நேரத்துக்குச் சோறு போடுகிறாள், தேத்தண்ணி தருகிறாள், பிரதாபனோடு சிரித்துக் கதைக்கிறாள். ஆனால் நான் சொல்கிற எதையும் போய்ப் பார்க்காமல் விடுவதில்லை. மழை வரப் போகிறது, உடுப்பை எடு என்றேன். முற்றத்தில் போய் நின்று வானத்தைப் பார்த்தாள். "வராது" என்றுவிட்டு உள்ளே போனாள். வரவும் இல்லை. மீன்காரன் வந்து நிற்கிறான் என்றால் படலைக்குப் போய்ப் பார்த்து வந்துதான் சட்டியை எடுக்கிறாள். மருந்து நாலு துள்ளி என்றேன். போத்தலை வாங்கி, தானே வாசித்தாள். ஒரு துள்ளிதான், நாலு வேளைக்கு. அதில் நான் மாறிச் சொல்லிவிட்டேன், அது வேறு விஷயம்.

நேற்று விடியக் கறுப்பி கன்று போட்டது. நாகு கன்று, பெட்டை. ஓடிவந்து அவளிடம் சொன்னேன். "இருங்கோ, பாத்திட்டு வாறன்" என்று எழும்பினாள். அது பொய் சொல்கிற விஷயமா, அக்கா? தலையை ஒரு பக்கம் சரித்துக்கொண்டு, காலால் நிலத்தைத் தடவித் தடவிப் பட்டி வரை போனாள். வழியெல்லாம் கல். இரண்டு இடத்தில் தடக்கினாள். நான் கையை நீட்டினேன், வேண்டாம் என்றாள். கன்றின் வாலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஓம், நாகுதான்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

ஒரு காலத்தில் கிழக்கே பார்த்து மேற்கு என்று நான் சொன்னாலும் தலையாட்டினவள். அப்படி வேண்டாம் என்று இப்போது எனக்கும் தெரியும். என்றாலும் ஒவ்வொரு தரமும் அவள் எழும்பிப் போகும்போது எனக்கு அது தாங்க ஏலாமல் இருக்கிறது. நீங்கள் சொன்னால் கேட்பாள். ஒருக்கால் அவளோடு கதைத்துப் பாருங்கள்.

அரியம்


வேலணை
31.7.2024

தம்பி,

நான் அவளோடு கதைக்கமாட்டேன். அவளுக்கு மிச்சம் இருப்பது ஒரு கண். அதைக் கொண்டு எதைப் போய்ப் பார்க்க வேண்டும் என்பதை அவள்தான் சொல்ல வேண்டும், நானும் இல்லை, நீயும் இல்லை.

நீ செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. வீட்டிலிருந்து பட்டிக்குப் போகிற வழியில் கிடக்கிற கல்லைப் பொறுக்கி ஓரத்தில் போடு. பொறுக்கிவிட்டேன் என்று அவளிடம் சொல்ல வேண்டாம். நடக்கும்போது அவளே தெரிந்துகொள்வாள்.

அக்கா